தார்ப் பாலைவனக் கோட்டைகள்: ஒரு தண்ணீர்க்காரியின் மதிப்பெண்கள்

மேற்கு ராஜஸ்தான் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஜெய்சல்மேர் மாதிரி வராது என்பார்கள். என் வரிசை வேறு. பிகானேரின் ஜூனாகர் முதலில், ஜோத்பூரின் மெஹ்ரான்கர் அடுத்து, ஜெய்சல்மேர் கோட்டை மூன்றாவது. அழகுப் போட்டி வைத்து இந்த வரிசையைப் போடவில்லை. நான் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்றுதான் என் கண் தேடும். கூட வந்த அக்கா நேர் எதிர். சாமி எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள், அப்புறம் உட்கார இடம் உண்டா என்று பார்ப்பாள். அவளுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். அதனால் இந்த மதிப்புரையில் தண்ணீர், கோயில், படிக்கட்டு மூன்றும் கலந்துதான் வரும். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழை பெய்வதே பெரிய விஷயம் என்கிற ஊரில், 800 வருடத்துக்கும் மேலாக ஒரு கோட்டைக்குள் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அங்கே போய் ஓவியத்தையும் வாளையும் மட்டும் பார்த்துவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜெய்சல்மேரிலிருந்தே தொடங்குகிறேன். மூன்றாவது இடம் கொடுத்ததற்குக் காரணம் சொல்லியாக வேண்டும் அல்லவா?

1156இல் ராவல் ஜைசல் கட்டத் தொடங்கிய கோட்டை இது. அதற்கு முன் தலைநகராக இருந்த லோதுர்வா சமவெளியில், படையெடுத்து வருகிறவனுக்கு வசதியாகக் கிடந்தது. அதனால் திரிகூடம் என்கிற இந்த மேட்டுக்கு வந்துவிட்டார். மேடு என்றால் சுமார் 250 அடி உயரம்தான், ஆனால் சுற்றிலும் தட்டையான மணல்வெளி என்பதால் தூரத்திலிருந்தே எழும்பித் தெரியும். 99 கொத்தளங்கள். அவற்றில் பெரும்பாலானவை 17ஆம் நூற்றாண்டில், 1633க்கும் 1647க்கும் இடையில் எழுப்பப்பட்டவை. மஞ்சள் மணற்கல் மாலை வெயிலில் பொன் நிறமாகும் என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். உண்மைதான். அந்த ஒரு காட்சிக்கு முழு மதிப்பெண் போட்டுவிடலாம்.

உள்ளே போனால் கதை மாறுகிறது. அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்று நான்கு வாயில்கள் ('போல்' என்றால் அந்த ஊர் மொழியில் வாயில்). வழுவழுப்பான கல் பாவிய ஏற்றம், வளைந்து வளைந்து போகும். அதில் ஸ்கூட்டர், மாடு, சுற்றுலாக் கூட்டம், தோல் பை விற்பவர், எல்லோரும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குகிறார்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டே ஏறினாள். தசரா சௌக் முற்றத்துக்கு வந்ததும் ஒரு திண்ணையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "நீ போய் அரண்மனையைப் பாத்துட்டு வாடி, நான் இங்கயே இருக்கேன்" என்றாள். ராஜ் மஹால் அரண்மனையைத் தனியாகத்தான் சுற்றினேன். மேல்தளத்திலிருந்து ஊரையும் பாலைவனத்தையும் பார்க்கலாம், அதற்காகப் போகலாம். அறைகளுக்காக என்றால் மெஹ்ரான்கரையும் ஜூனாகரையும் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் சப்பென்றிருக்கும்.

கோட்டைக்குள் இருக்கும் சமணக் கோயில்கள் வேறு தரம். 12 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை கட்டப்பட்ட ஏழு கோயில்கள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. பார்சுவநாதர் கோயிலின் தோரணத்தில் இண்டு இடுக்கு விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு தூணில் நடனப் பெண்ணின் இடுப்புச் சதங்கையில் மணி மணியாகத் தனித்தனியே தெரிகிறது. மஞ்சள் மணற்கல் மென்மையானது, உளிக்கு நன்றாகவே இடம் கொடுக்கும். (அந்த மென்மைதான் பின்னால் வில்லங்கம் ஆகிறது, வருகிறேன்.) ஞான பண்டாரம் என்கிற நூலகத்தில் பழைய ஓலைச்சுவடிகள் வைத்திருக்கிறார்கள். வெளியாட்களைக் காலை நேரத்தில்தான் கோயில்களுக்குள் விடுகிறார்கள், மதியத்துக்கு மேல் போனால் கதவைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். தோல் பெல்ட், தோல் பர்ஸ் எதுவும் கூடாது. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே தீர்த்தங்கரர்களைச் சேவித்தார்.

இனி என் விஷயம். சமணக் கோயில்களைத் தாண்டி மதில் ஓரமாக ஒரு சந்தில் திரும்பினேன். ஒரு வீட்டின் குளியலறைக் குழாய் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில், மஞ்சள் கல்லில், இரண்டு முழ நீளத்துக்குப் பச்சைப் பாசி. பாலைவனத்தில் பாசி! கிட்டப் போய்ப் பார்த்தால், பாசியின் இருபுறமும் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. விரலால் தொட்டேன், கல் மாவாக உதிர்ந்தது. எங்கள் வேலையில் இதைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். கல் தண்ணீரைக் குடிக்கிறது, காயும்போது உப்பை மேலே தள்ளுகிறது, உப்பு கல்லை உடைக்கிறது.

இந்தக் கோட்டையைக் கட்டியவர்கள் குழாய்த் தண்ணீரைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். கீழே கடீசர் ஏரியிலிருந்து பெண்கள் குடத்தில் சுமந்து வந்த தண்ணீர்தான். தலையில் சுமந்தவர்கள் அதைச் சொட்டுச் சொட்டாகத்தான் செலவழித்திருப்பார்கள். எப்போதாவது பெய்யும் மழை வெளியேறுவதற்குக் 'குட் நாலி' என்ற வடிகால் அமைப்பு இருந்தது, தண்ணீர் தேங்காமல் கோட்டைக்கு வெளியே தள்ளிவிடும். பிறகு குழாய் வந்தது, கழிப்பறை வந்தது, சுற்றுலா வந்தது, வீடுகள் விடுதிகள் ஆயின. கோட்டை உட்கார்ந்திருப்பது கெட்டிப் பாறையில் இல்லை, மென்மையான மணற்கல்லும் களிமண்ணும் கலந்த அடுக்குகளில். கசிந்த தண்ணீர் நேராக அஸ்திவாரத்துக்குப் போயிற்று. சில கொத்தளங்கள் சரிந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996, 1998, 2000 என்று மூன்று தடவை ஆபத்திலிருக்கும் இடங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2013இல் யுனெஸ்கோ, ராஜஸ்தான் மலைக்கோட்டைகள் ஆறில் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்த்துக்கொண்டது. பழுதுபார்க்கும் வேலைகள் நடந்திருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை.

கோட்டைக்குள்ளேயே தங்குங்கள், ஜன்னலைத் திறந்தால் பாலைவனம் என்று எல்லோரும் ஆசை காட்டுவார்கள். தங்காதீர்கள். அங்கே இன்னமும் சில ஆயிரம் பேர் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள், தண்ணீர் அவர்களுக்கு உரிமை. நாம் போய் இரண்டு வேளை ஷவரில் நின்றுவிட்டு வருவது வேறு. கோட்டைக்குக் கீழே, ஊருக்குள் ஏராளமான விடுதிகள் இருக்கின்றன. அங்கே மொட்டை மாடியிலிருந்து கோட்டையே தெரியும். கோட்டைக்குள் தங்கினால் அந்தக் காட்சி கிடைக்காது.

கடீசரை மட்டும் தவற விட வேண்டாம். காலை ஆறரை மணிக்குப் போனால் படகுக்காரர்கள் வந்திருக்க மாட்டார்கள். நீரின் நடுவில் சத்ரி மண்டபங்கள், கரையில் சிறு கோயில்கள், ரொட்டித் துண்டுக்கு வாயைப் பிளக்கும் கெளுத்தி மீன்கள். ஜைசல் காலத்தில் வெட்டியது, 14ஆம் நூற்றாண்டில் கட்ஸி சிங் என்ற அரசர் புதுப்பித்துப் பெரிதாக்கினார், அவர் பெயர்தான் ஏரிக்கு. நுழைவாயிலைத் தீலோன் என்ற கணிகை கட்டினாள் என்று ஒரு கதை உண்டு. ஒரு கணிகை கட்டிய வாயிலுக்குக் கீழே அரச குடும்பத்துப் பெண்கள் நடப்பதா என்று இடிக்கப் பார்த்தார்களாம். அவள் அதன் உச்சியில் கிருஷ்ணர் கோயில் ஒன்றை வைத்துவிட்டாளாம். சாமி இருக்கும் இடத்தில் யார் கை வைப்பது? அக்காவுக்கு ஜெய்சல்மேரில் ரொம்பப் பிடித்தது இந்தக் கதைதான். "கெட்டிக்காரி" என்று இரண்டு தடவை சொன்னாள்.

பட்வா ஹவேலிகள் என்கிற வியாபாரி மாளிகைகள் ஐந்தில் ஒன்றைப் பார்த்தால் போதும். 1805இல் குமான் சந்த் பட்வா என்ற வியாபாரி தொடங்கியது, ஜரோக்கா மாடங்களின் வேலைப்பாடு அசர வைக்கும். ஆனால் படிகள் செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் தெருவில் நின்றே முகப்பைப் பார்த்துவிட்டு வரலாம். பாதிக்கு மேல் அழகு தெருப்பக்கம்தான். லோதுர்வாவில் சமணக் கோயில், நேரம் இருந்தால். படா பாகில் அரசர்களின் நினைவு மண்டபங்கள், பின்னால் காற்றாலைகள் சுற்றுகின்றன. எல்லோரும் அங்கே போட்டோ எடுக்கிறார்கள். பக்கத்தில் 16ஆம் நூற்றாண்டு அணை ஒன்று இருக்கிறது, அதை ஏறெடுத்துப் பார்க்க ஆள் இல்லை.

குல்தராவுக்குப் போனால் டிரைவர் பேய்க் கதை சொல்வார். சாலிம் சிங் என்ற திவானின் கொடுமை தாங்காமல் பாலிவால் பிராமணர்கள் ஒரே இரவில் ஊரைக் காலி செய்துவிட்டு, இனி இங்கே யாரும் வாழக் கூடாது என்று சாபம் விட்டுப் போனார்கள் என்பார்கள். பேயை விடுங்கள். அந்த பாலிவால்கள் 'கடீன்' என்றொரு வேலை செய்தார்கள். சரிவின் கீழ்ப்பகுதியில் நீளமாக ஒரு மண்கரை. மேலே பாறையில் விழுந்த மழை ஓடி வந்து அந்தக் கரைக்குள் தேங்கும், மண்ணுக்குள் இறங்கும். தண்ணீர் வற்றிய பிறகு அந்த ஈரத்தை வைத்தே குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். ஜெய்சல்மேர் வட்டாரத்தில் இன்றும் கடீன்கள் பயனில் இருக்கின்றன. இடிந்த வீடுகளுக்கு நடுவே நின்று பேய் தேடுகிறவர்களைப் பார்க்கும்போது, இவ்வளவு மூளைக்காரர்களைப் பேயாக மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோமே என்று கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

மணல்மேட்டுக் கூடாரத்தில் ஒரு இரவு தங்கினோம். பெயர் வேண்டாம். நட்சத்திரம் பார்க்கப் போன இடத்தில் இரவு பதினொன்று வரை ஸ்பீக்கர். அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தாள். பதிவு செய்வதற்கு முன் பாட்டுக் கச்சேரி எத்தனை மணி வரை என்று கேட்டுவிடுங்கள்.

ஜோத்பூர் மெஹ்ரான்கருக்கு வருவோம். ஜெய்சல்மேருக்கு அப்புறம் இதைப் பார்த்தால் முதலில் தெரிவது பாறை. நகருக்கு மேலே சுமார் 400 அடி, கோட்டைச் சுவர் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ரயோலைட் என்கிற எரிமலைப் பாறை, இரும்பு மாதிரி. இந்தப் பாறையமைப்பைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துக் கீழே பலகை வைத்திருக்கிறார்கள். நின்று படியுங்கள். 1459இல் ராவ் ஜோதா மண்டோரிலிருந்து தலைநகரை இங்கே மாற்றினார். குன்றில் தவம் செய்துகொண்டிருந்த சிடியா நாத் என்ற சாமியாரை அதற்காக எழுப்பி அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவர் விட்ட சாபம்: இந்தக் கோட்டைக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வரட்டும். பாலைவனத்துக் குன்றின் உச்சியில் கோட்டை கட்டுகிறவனுக்கு அந்தச் சாபத்தைத் தனியாக வேறு விட வேண்டுமா என்ன!

சாபத்தைப் போக்க இன்னொரு கொடுமையும் செய்தார்கள். ராஜாராம் மேக்வால் என்ற மனிதரை அஸ்திவாரத்தில் உயிரோடு புதைத்தார்கள். தானாகவே முன்வந்தார் என்று சொல்கிறார்கள், அவர் குடும்பத்துக்கு நிலம் கொடுத்தார்கள் என்றும் சொல்கிறார்கள். அவர் பெயரில் நினைவுக்கல் உண்டு. லோஹா போல் வாயிலில் செந்தூரம் பூசிய கைத்தடங்களைக் கும்பிட்டுப் போகிறார்கள், 1843இல் மகாராஜா மான் சிங் இறந்தபோது உடன்கட்டை ஏறிய பெண்களின் கைகள் அவை. அக்கா கும்பிடவில்லை. ஒரு கையின் அளவைத் தன் உள்ளங்கையை நீட்டி ஒப்பிட்டுப் பார்த்தாள். "சின்னப் பொண்ணு" என்றாள், நடந்துவிட்டாள்.

சேவை என்று பார்த்தால் மூன்று கோட்டைகளில் இதுதான் முதல் தரம். 1972இல் தொடங்கிய அறக்கட்டளை இந்த அருங்காட்சியகத்தை நடத்துகிறது. லிஃப்ட் இருக்கிறது, தனிக் கட்டணம், முட்டிவலிக்காரர்களுக்கு அந்தக் காசு தகும். ஆடியோ கைடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் தெளிவாக இருக்கிறது, தமிழ் கிடையாது. கழிப்பறை சுத்தம். குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறது. மேலே லிஃப்டில் போய்விட்டுக் கீழே இறங்கி வரும்போது நடந்து வந்தால் வாயில்களையும் பார்த்துவிடலாம், முட்டியும் தாங்கும். இறங்கும் வழியில் டேட் காங்க்ரா போல் அருகே சுவரில் பீரங்கிக் குண்டு பட்ட பள்ளங்கள் தெரியும். அத்தனை குண்டு வாங்கியும் பாறைச் சுவர் அசையவில்லை.

அரண்மனை அறைகளில் ஃபூல் மஹாலின் தங்க வேலைப்பாட்டைப் பார்க்கத்தான் கூட்டம் நெருக்கும். எனக்குப் பிடித்தது தக்கத் விலாஸ். 1843 முதல் 1873 வரை ஆண்ட தக்கத் சிங்கின் அறை, கோட்டையில் குடியிருந்த கடைசி மகாராஜா இவர். கூரையிலிருந்து கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டும் வண்ணக் கண்ணாடி உருண்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறார். சுவர் முழுக்க ஓவியம், காலுக்கடியிலும் வண்ணம். ஒரு இடம்கூடச் சும்மா விடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்திருக்கிறார். நல்ல ரசனையா கெட்ட ரசனையா என்று தெரியாத ஒரு சந்தோஷம் அந்த அறையில் இருக்கிறது. அம்பாரிகள் வைத்த கூடத்தில் ஷாஜகான் கொடுத்த வெள்ளி அம்பாரியைப் பாருங்கள்.

கோட்டையின் தெற்குக் கோடியில் சாமுண்டா மாதா கோயில். சாதாரண நாளில் நிம்மதியாகத் தரிசனம் செய்யலாம். நவராத்திரியில் மட்டும் வேண்டாம். 2008 செப்டம்பர் 30 அன்று, நவராத்திரியின் முதல் நாள் விடியற்காலையில், இந்தக் கோயிலுக்குப் போகும் குறுகிய வழியில் நெரிசல் ஏற்பட்டு 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சரிவில் நின்று பார்த்தால் எப்படி நடந்திருக்கும் என்று யாரும் சொல்லாமலே புரியும்.

கோட்டையைப் பார்த்துவிட்டு எல்லோரும் கடைவீதிக்கு ஓடுகிறார்கள். நீங்கள் பின்புறம் உள்ள ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்காவுக்குப் போங்கள். சுமார் 70 ஹெக்டேர். நம் ஊர் விவசாயிகளைக் கேட்டால் சீமைக்கருவேலத்தைப் பற்றி ஒரு பாட்டம் திட்டுவார்கள் அல்லவா, அதே மரம் இந்தப் பாறை நிலத்தையும் முழுசாகப் பிடித்து வைத்திருந்தது. வெட்டினால் திரும்பத் துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும், வேரோ பாறை இடுக்கில். 2006இல் வேலையைத் தொடங்கியவர்கள், பரம்பரையாகக் கல் உடைக்கும் கண்ட்வாலியா மக்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும்பும் ஓசையை வைத்தே எங்கே பிளக்கும் என்று சொல்லிவிடுவார்களாம். குழி குழியாக வேரைத் தோண்டி எடுத்து, அந்தக் குழிகளிலேயே பாலைவனத்துச் செடிகளை நட்டிருக்கிறார்கள். நடைபாதையின் தொடக்கத்திலேயே பாறையை வெட்டி அமைத்த பழைய வாய்க்கால் ஒன்று இருக்கிறது. குன்றில் விழும் மழையைக் கோட்டை அடிவாரத்துக் குளங்களுக்குக் கொண்டுபோக வெட்டியது. அதற்குள் இறங்கி நடக்கலாம். சாமியாரின் சாபத்துக்கு ஜோத்பூர்க்காரர்கள் சொன்ன பதில் இந்த வாய்க்கால்தான். ராணிசர், பதம்சர் என்று கோட்டையை ஒட்டி இருக்கும் குளங்களின் பெயரையும் கவனியுங்கள். இந்த ஊர் ராணிகள் நகை வாங்கியதோடு நிற்கவில்லை. ஊருக்குள் தூர்ஜி கா ஜால்ரா என்ற படிக்கிணறுகூட 1740களில் அபய் சிங்கின் ராணி கட்டியதுதான். சாயங்காலம் பையன்கள் மேல்படியிலிருந்து தொப்பென்று குதிக்கிறார்கள், அக்கா ஒவ்வொரு தடவையும் "ஐயோ" என்றாள்.

உமைத் பவனைப் பற்றி ஒரு பத்தி போதும். 1929இல் தொடங்கி 1943இல் முடிந்த 347 அறை அரண்மனை. பஞ்சத்தில் அடிபட்ட மக்களுக்கு வேலை கொடுக்கத்தான் மகாராஜா உமைத் சிங் கட்டினார் என்பார்கள். பஞ்ச நிவாரணத்துக்கு ஏரி வெட்டியிருக்கலாமே என்று என் மாதிரி ஆளுக்குத் தோன்றும். இப்போது பெரும்பகுதி நட்சத்திர ஹோட்டல், ஒரு மூலை அருங்காட்சியகம். கடிகாரங்கள், பழைய கார்கள். அதைவிட ஜஸ்வந்த் தடா மேல். 1899இல் கட்டிய வெள்ளைப் பளிங்கு நினைவு மண்டபம், அதன் முன்னால் குளம், உட்கார மர நிழல், கூட்டமும் குறைவு.

இப்போது பிகானேர். ஜூனாகருக்கு ஏன் முதலிடம்?

இதற்குக் குன்றே கிடையாது. தட்டையான தரையில் நிற்கிறது. 1589க்கும் 1594க்கும் இடையில் ராஜா ராய் சிங் கட்டியது, அக்பரின் படைத்தலைவர்களில் ஒருவர். மலையும் இல்லை, பாறையும் இல்லை, ஆறும் இல்லை. சுற்றிலும் அகழி வெட்டி, 37 கொத்தளங்கள் வைத்து, ஆழமான கிணறு தோண்டித்தான் காப்பாற்றிக்கொண்டார்கள். சிவப்பு மணற்கல். பார்வையாளருக்கு இதில் முதல் லாபம், ஏற்றம் இல்லை. ஆட்டோவிலிருந்து இறங்கி அக்கா நேராக வாயிலுக்குள் நடந்தாள். உள்ளே மாடிப்படிகள் உண்டுதான், ஆனால் அடுத்தடுத்து முற்றங்கள் வருவதால் மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது. இரண்டாவது லாபம், கூட்டம் ஜோத்பூரில் பாதிகூட இல்லை. ஒரு அறையில் நாம் மட்டும் நின்று பார்க்கலாம்.

அனூப் மஹாலில் சிவப்பும் தங்கமுமாக உஸ்தா வேலைப்பாடு. பாரசீகத்திலிருந்து வந்த உஸ்தா குடும்பங்கள், சுவரில் பசையை மேடாக எழுப்பி அதன் மேல் தங்கத் தகட்டை ஒட்டுவார்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் பூவும் கொடியும் சுவரிலிருந்து எழும்பித் தெரியும். நம் தஞ்சாவூர் ஓவியத்தில் தங்கத் தகடு ஒட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் உழைப்பு உடனே பிடிபடும். அந்த வேலை செய்யும் குடும்பங்கள் இன்றும் பிகானேரில் இருக்கின்றன.

ஆனால் முதலிடத்தை வாங்கிக் கொடுத்தது பாதல் மஹால். சின்ன அறை, பத்து நிமிடத்தில் தாண்டிவிடலாம். சுவர் முழுக்க மேகம். கருநீலத்தில் சுருள் சுருளாக மேலிருந்து கீழ் வரை, நடுவே பாம்பு நெளிவதுபோல் மின்னல், அடிப்பகுதியில் வெள்ளைக் கோடு கோடாக மழை. மழையையே காணாமல் வளரும் அரண்மனைக் குழந்தைகளுக்கு மேகம் எப்படி இருக்கும் என்று காட்டத்தான் வரைந்தார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, வரைந்தவன் நல்ல மழையைப் பார்த்தவன். மழைக்கோடுகளை நேராகப் போடாமல், காற்றடிக்கும் பக்கமாகச் சாய்த்துப் போட்டிருக்கிறான். அக்கா தூணில் சாய்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி இல்லாத ஊர்ல மழைய வரைஞ்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க பாரேன்" என்றாள். மெஹ்ரான்கரில் இவ்வளவு பெரிய அரண்மனையில் என்னை இப்படி நிறுத்தி வைத்த அறை ஒன்றும் இல்லை.

ஓவியத்தோடு இந்த வம்சம் நிறுத்திக்கொள்ளவும் இல்லை. 1887 முதல் 1943 வரை மகாராஜாவாக இருந்த கங்கா சிங், சட்லஜ் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி 1927இல் பிகானேர் நாட்டின் வடபகுதிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். கங் கால்வாய். ஸ்ரீகங்காநகர் மாவட்டம் இன்று கோதுமையும் பருத்தியும் கின்னோ ஆரஞ்சும் விளைவதற்கு அதுதான் தொடக்கம். முதல் உலகப் போர்க் காலத்து விமானம் ஒன்று கோட்டைக்குள் கங்கா சிங்கின் கூடத்தில் நிற்கிறது. எல்லோரும் அதன் முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள். கால்வாயோடு யார் செல்ஃபி எடுப்பார்கள்?

கோட்டைக்கு அப்புறம் பழைய ஊருக்குள் பாண்டாசர் சமணக் கோயிலுக்குப் போனோம். ஐந்தாம் தீர்த்தங்கரர் சுமதிநாதருக்கு, பாண்டாசா என்ற ஓஸ்வால் வணிகர் கட்டத் தொடங்கியது. வேலை முடிந்தது 1514இல். ஊரில் தண்ணீர் கிடையாது, அதனால் அஸ்திவாரக் கலவைக்குத் தண்ணீருக்குப் பதில் நெய் ஊற்றினார், அதுவும் 40,000 கிலோ, கோடை வெயிலில் இன்றும் தரையில் நெய் கசியும் என்று சொல்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அக்கா குனிந்து விரலால் தரையைத் தேய்த்து முகர்ந்து பார்த்தாள். பளிங்குத் தரை, அவ்வளவுதான். கட்டடக்காரியாகச் சொன்னால், நெய்யில் சுண்ணாம்பு குழைத்தால் கெட்டிப்படாது. ஆனால் தண்ணீரை விட நெய் மலிவு என்று ஒரு ஊரே பெருமையோ வேதனையோ கலந்து கதை கட்டியிருக்கிறதே, அது எனக்குப் பிடித்திருந்தது. மூன்று தளம், உள்ளே சுவரெல்லாம் ஓவியம், வண்ணம் மங்கவில்லை. மேல் தளத்துக்குப் போகும் படி குறுகல்.

தேஷ்நோக், பிகானேரிலிருந்து 30 கிலோமீட்டர். எலிக் கோயில் என்றால் எல்லோருக்கும் தெரியும். இங்கே தெய்வமாகக் கும்பிடுவது கர்ணி மாதா என்ற பெண் துறவியை, மெஹ்ரான்கருக்கு அடிக்கல் நாட்டியவரே இவர்தான் என்பார்கள். முகப்பு வெள்ளைப் பளிங்கு, கங்கா சிங் காலத்தது, வெள்ளிக் கதவில் வேலைப்பாடு அருமை. உள்ளே ஆயிரக்கணக்கில் எலிகள், அகன்ற தட்டில் பால் குடிக்கின்றன, இனிப்பைக் கொறிக்கின்றன. பருந்து தூக்கிப் போகாமல் இருக்க மேலே கம்பி வலை போட்டிருக்கிறார்கள். செருப்பில்லாமல்தான் போக வேண்டும், பழைய காலுறை ஒன்று போட்டுக்கொண்டு போய் வெளியே வந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள். எலி காலில் ஏறினால் அதிர்ஷ்டம். பக்தி விஷயத்தில் என்னைவிடப் பல மடங்கு உசந்த அக்கா, வாசற்படி தாண்டி நாலே அடி வைத்தாள். "ஏண்டி, கால்ல என்னமோ ஏறுது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். அவள் அதிர்ஷ்டத்தையும் சேர்த்து நான்தான் வாங்கி வந்தேன்.

ஓசியான் பற்றிச் சொல்லாமல் முடித்தால் வீட்டில் சண்டை வரும். ஜோத்பூருக்கு வடக்கே சுமார் 65 கிலோமீட்டர். 8ஆம் நூற்றாண்டிலிருந்து கட்டப்பட்ட கோயில்கள். காஞ்சியில் கைலாசநாதர் கோயில் எழுந்த அதே நூற்றாண்டு என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் சுவை. மகாவீரர் கோயில், பிரதிகார அரசர் வத்சராஜன் காலத்தது. குன்றின் மேல் சச்சியா மாதா கோயில், வளைவு வளைவான தோரணங்களுக்குள் படியேறிப் போக வேண்டும். நூறு தடவை முனகிக்கொண்டே அக்கா முழுப் படியும் ஏறினாள், லிஃப்ட் இல்லாத இடத்தில். உள்ளூர்க் குடும்பங்கள் குழந்தைக்கு மொட்டை போட வந்திருந்தன, மஞ்சளும் தேங்காயும் கையில். மெஹ்ரான்கரில் பார்த்தது அருங்காட்சியகம், இது கோயில் என்றாள். சாலையோரத்தில் ஹரிஹரர் கோயில்கள் சும்மா நிற்கின்றன, டிக்கெட் இல்லை, கூட்டம் இல்லை, ஒரு ஆடு மண்டபத்தில் படுத்திருந்தது. பக்கத்தில் பழைய படிக்கிணறு ஒன்று. கோயில் கட்டியவர்கள் கிணற்றையும் அதே கவனத்தோடு செதுக்கியிருக்கிறார்கள்.

போகிறவர்களுக்கு நடைமுறை விஷயம் கொஞ்சம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம். பகலில் வெயில் இருக்கும், இரவில் ஸ்வெட்டர் வேண்டும். ஏப்ரலுக்கு மேல் கோட்டைக் கல் சூட்டைக் கக்கும், வேண்டாம். பிகானேரில் தொடங்கி ஜெய்சல்மேர் போய் ஜோத்பூரில் முடித்தால் நல்லது, திரும்புவதற்கு ஜோத்பூரில் ரயிலும் விமானமும் வசதி. பிகானேரிலிருந்து ஜெய்சல்மேர் 330 கிலோமீட்டர், நீண்ட நேர்கோட்டுச் சாலை, நடுவில் ஒழுங்கான கழிப்பறை கிடைப்பது அரிது, பெட்ரோல் பங்க்கில் நிறுத்தச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள். மெஹ்ரான்கர் காலை 9 மணிக்குத் திறக்கும், அப்போதே போய்விடுங்கள். கோட்டை வாசலில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் வழிகாட்டிகளிடம் முதலிலேயே தொகையும் நேரமும் பேசிவிடுங்கள். ஒரு இடத்தில் எங்களுக்கு அமைந்தவர், வரலாற்றைக் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு மீதி நேரம் முழுக்க ஒரு போர்வைக் கடையில் உட்கார வைத்துவிட்டார்.

வரிசையை இன்னொரு தடவை சொல்கிறேன்: ஜூனாகர், மெஹ்ரான்கர், ஜெய்சல்மேர். அக்காவின் வரிசையில் ஓசியான் முதலிடம், கடீசர் வாயில் இரண்டாமிடம், மெஹ்ரான்கர் லிஃப்ட் மூன்றாமிடம். தேஷ்நோக்கைப் பற்றி அவளிடம் யாரும் கேட்க வேண்டாம்.